ஆறாவது கழுத்தில் வரும்

ஆட்டாதீங்கப்பா என்று சொல்லிப் பிரயோசனமில்லை. சொல்லச் சொல்லத்தான் தலை ஆடும். வேண்டுமென்றே செய்கிறார் என்று முதலில் நினைத்தேன், டாக்டர் இல்லை, அது மறதி நோயோடு சேர்ந்து வருவது என்றார், சரி, நோய் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் சோறு ஊட்டும்போது ஆடாத தலை சவரத்துக்கு உட்கார்ந்தால் மட்டும் ஏன் ஆட வேண்டும் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. சூடு தண்ணீர் மக்கில் ஆறிக்கொண்டிருக்கிறது. துண்டைக் கழுத்தைச் சுற்றிக் கட்டியாயிற்று, சோப்பு நுரை போட்டாயிற்று, நாளைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்து, தாடியோடு இவரைக் கோவிலுக்குக் கூட்டிப்போனால் உபதேசியாரை மகள் எப்படி வைத்திருக்கிறாள் பார் என்று பேசுவார்கள், பேசட்டும், அதற்காக இல்லை, முள்முள்ளாக வளர்ந்தால் அவரே நகத்தால் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்வார், அதற்காகத்தான். மாடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. மத்தியான வெயில் காயப்போட்ட சேலை வழியாக வந்து அவர் முகத்தில் நீலமாக விழுகிறது. கடல் பக்கமிருந்து உப்புக்காற்று. கீழே ஏதோ லாரி பின்னால் போகிற சத்தம். கத்தியை எடுக்கிறேன். பாதி பிளேடைச் செருகிக்கொள்கிற கத்தி, முடிதிருத்துகிற அண்ணாச்சி கொடுத்தது. அவர்தான் வீட்டுக்கு வந்து வழித்துக்கொண்டிருந்தார், ஒருநாள் அப்பா அவர் விரலைக் கடித்துவிட்டார். “யக்கா, உபதேசியாரய்யா கடிக்காவ, எனக்குக் கை முக்கியமில்லா, நீங்களே வழிச்சிருங்க, நாஞ் சொல்லித்தாரேன்” என்று கத்தியைப் பிடிக்கிற விதம், தோலை இழுத்துப் பிடிக்கிற விதம், எல்லாம் சொல்லிவிட்டுப் போனார். கோபமில்லை அவருக்கு. எனக்குத்தான் கத்தியைத் தொடவே பயம். இன்றைக்கும் பயம்தான், ஆனால் அன்றைய பயம் வேறு.

போன சனிக்கிழமை வந்தது இந்தப் பயம். தாடைக்குக் கீழே கத்தி சற்று அழுந்திவிட்டது. தெரிந்து இல்லை, சத்தியமாகத் தெரிந்து இல்லை. சின்னக் கீறல்தான். வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு கோடு வந்தது, அவர் ‘ஸ்’ என்றார், நான் பஞ்சை எடுக்கவில்லை. பஞ்சு பக்கத்திலேயே இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குள் என்னமோ இனித்தது. வெயில் காலத்தில் பானைத் தண்ணீர் தொண்டையில் இறங்குகிற மாதிரி இறங்கியது, அப்படியே இறங்கி வயிற்றில் போய் நின்றது. அதற்குப் பிறகு துடைத்தேன், படிகாரம் வைத்தேன், நல்லாத்தான் பார்த்துக்கொண்டேன். ஆனால் அந்த இனிப்பு ஒரு வாரமாகப் போகமாட்டேன் என்கிறது. வெங்காயம் நறுக்கும்போது வருகிறது. இவர் தூங்கும்போது கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தால் வருகிறது. இதை வைத்துக்கொண்டு நாளைக்கு எப்படிப் போய் முழங்கால்படியிட்டு அப்பத்துக்குக் கை நீட்டுவது? ஐயரிடம், பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம், அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். சின்ன வயது ஐயர், இப்போதுதான் கல்யாணமானவர், என்னத்தைச் சொல்ல, எங்க அப்பா கழுத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி வருகிறது ஐயரே என்றா? காலையில் ஸ்டான்லி போன் பண்ணினான். தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான், மாதத்துக்கு ஒருதரம் பாசம் பொங்கும். “யக்கா, ஒரு ஹோம் பாத்து வச்சிருக்கேன், நம்ம சபைக்காரங்க நடத்துகதுதான், நீ சரின்னா அடுத்த வாரம் வண்டி அனுப்புதேன்” என்றான். நான் ஏன் சரி என்று சொல்லவில்லை? “எனக்கு என்ன கஷ்டம், நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். “ஒன்ன அவரு ஒரு நாளாச்சும் அடிச்சிருக்காராக்கா, அம்மைக்கும் அவருக்கும் உள்ளது அவங்களோட போச்சு” என்றான். நான் அதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை, அவனாகவே அதை எடுத்தான், அப்படியென்றால் அவனுக்கும் அது உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அடிபட்டவளுக்கு மட்டும்தான் கோபப்பட உரிமை உண்டு என்று எந்தக் கோர்ட்டில் தீர்ப்புச் சொன்னார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை.

“முதலாவது” என்கிறார் அப்பா. அப்பாடா, தொடங்கிவிட்டார். தலை நின்றுவிட்டது. இதைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். அண்ணாச்சி வராமல் போன பிறகு ஒருநாள் இவர் தலையோடு போராடி, நான் அழுகிற நிலைக்கு வந்து, ஆண்டவரே எங்களுக்கு இரங்கும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். உடனே இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். பெற்ற மகள் பெயர் மறந்துபோனவர், பத்துக் கட்டளைகளை வரிசையாக வாசிக்க ஆரம்பித்தார், அதே கோவில் குரலில். கிராமத்துக் கோவிலில் ஐயர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார், மற்ற ஞாயிறெல்லாம் உபதேசியார் அருமைநாயகம்தான் ஆராதனை நடத்துவார், வெள்ளை வேட்டி, வெள்ளை அங்கி, கட்டளைகளை அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார், ஒவ்வொன்றின் முடிவிலும் நிறுத்துவார், சபை மொத்தமும் ஆண்டவரே எங்களுக்கு இரங்கும் என்று பதில் சொல்லும், சொன்ன பிறகுதான் அடுத்தது. இப்போது நான்தான் சபை. நான் பதில் சொல்லாவிட்டால் அவர் காத்திருப்பார், காத்திருந்து பொறுமை போய்த் தலை ஆட ஆரம்பிக்கும். பதில் சொன்னால் அடுத்த கட்டளை, அந்தக் கட்டளை முடிகிறவரை தலை கல்லு மாதிரி நிற்கும், அதற்குள் ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. வேறு தெய்வம் கூடாது என்கிறார். வலது கன்னம், காதுப் பக்கமிருந்து கீழே. ஆண்டவரே எங்களுக்கு இரங்கும். இரண்டாவது கொஞ்சம் நீளம், விக்கிரகங்களைப் பற்றியது, வலது கன்னம் முழுக்க முடித்துவிடலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது, பக்தியா, தந்திரமா, கட்டளைகளைச் சவரத்துக்கு உபயோகப்படுத்துகிறேனே என்று முதலில் மனது குறுகுறுத்தது. பிறகு, ஆண்டவருக்குத் தெரியாதா என் கஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

அம்மா இப்படித்தான் விட்டிருப்பாள். அன்னபாக்கியம் ஜெபத்தில் நின்றால் வானத்துக் கதவு திறக்கும் என்று ஊரில் பேச்சு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு பொன்னாடை போர்த்தி, ஜெப வீராங்கனை என்று எழுதின கேடயம்கூடக் கொடுத்தார்கள், அது இப்போதும் அந்த அலமாரியில் இருக்கிறது, சாமியாடாத குறையாக எல்லாப் பெண்களும் கைதட்டினார்கள், அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், என்ன தாழ்மை பாருங்க என்று அதற்கும் கைதட்டினார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆராதனை முடிந்து இவர் வீட்டுக்குள் நுழைகிற செருப்புச் சத்தத்திலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். காணிக்கை குறைந்திருக்கும், இல்லாவிட்டால் யாரோ பிரசங்கத்தில் கொட்டாவி விட்டிருப்பார்கள், குழம்பில் உப்பு என்பதெல்லாம் பிறகு கண்டுபிடிக்கிற காரணம். இவர் கை இடுப்புக்குப் போகும், வேட்டிமேல் கட்டுகிற பச்சைப் பெல்ட்டின் பொத்தானுக்கு. பொத்தான் ‘டக்’ என்று திறக்கிறதற்குள் அம்மா முழங்கால்படியிட்டுவிடுவாள். அடுப்படியோ, நடுவீடோ, கோழிக்கூட்டுப் பக்கமோ. சேலைத்தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டு, கண்ணை மூடி, பரலோகத்தில் இருக்கிற தகப்பனே என்று தொடங்கிவிடுவாள். ஜெபிக்கிற மனுஷரைத் தொடக் கூடாது. இவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது, ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு முன்னால் குறுக்கே நடக்கக்கூட விடமாட்டார், அந்த ஒரு விஷயத்தில் இவர் யோக்கியர். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அம்மா ஜெபிப்பாள். எனக்காக, ஸ்டான்லிக்காக, ஐயருக்காக, பேராயருக்காக, மழைக்காக, பனையேறிகளின் கால்களுக்காக, பக்கத்து ஊர்க் கிணற்றுக்காக, வடநாட்டில் ஊழியம் செய்கிற பெயர் தெரியாத மிஷனெரிகளுக்காக, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பரீட்சைக்காக. கோபம் ஆறுகிற வரைக்கும் ஜெபம் போகும். நடுவில் ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்து பார்க்கும், பெல்ட் இருக்கிறதா போய்விட்டதா என்று, நான் வாசலில் நின்றுகொண்டு அந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறேன். ஊர் முழுக்க அவளிடம் ஜெபிக்கச் சொல்லி வரும். யாருக்காக இருந்தாலும் ஜெபித்தாள். அடக்கத்தன்று ஐயர் அவளுடைய ஜெப வாழ்க்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார், முதல் பெஞ்சில் இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார், என்னால் அழ முடியவில்லை, சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்து சேலையை வாயில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது. நாமத்தை வீணாகச் சொல்லக் கூடாது. ஆண்டவரே எங்களுக்கு இரங்கும், இடது கன்னம். தோல் தொளதொளவென்று வருகிறது, இழுத்துப் பிடித்தால்தான் கத்தி நிற்கும். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இந்தப் பத்தையும் விரல் விட்டுத் தேடியிருக்கிறேன். பெண்டாட்டியை அடிக்கக் கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா என்று. மாட்டைப் பற்றி இருக்கிறது, கழுதையைப் பற்றி இருக்கிறது, அடுத்தவன் வீட்டைப் பற்றி இருக்கிறது, ஓய்வு நாளில் வேலைக்காரியைக்கூட வேலை வாங்கக் கூடாது என்று இருக்கிறது, ஆனால் அது இல்லை. எனக்கு ஆண்டவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இவ்வளவு யோசித்தவர் இதை யோசிக்கவில்லையா? ஞாயிறு பள்ளி டீச்சரிடம், “டீச்சர், அடிக்கப்படாதுன்னு எத்தனாவதுல இருக்கு?” என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். “ஆறாவதுல எல்லாம் அடங்கும் மக்ளே” என்றார்கள், குரலைத் தாழ்த்தி. கொலை செய்யாதே என்பதுதானே ஆறாவது, அதில் எப்படி அடங்கும் என்று கேட்டேன். “கை ஓங்குகதுல இருந்தே அது ஆரம்பிச்சிருது” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்கள். கை ஓங்குவதில் இருந்து. அப்படியென்றால் உள்ளே இனிப்பதில் இருந்தும்தானே. நாலாவது வாசிக்கிறார், ஓய்வு நாள், இதுதான் இருப்பதிலேயே நீளம், மூச்சு வாங்குகிறது அவருக்கு, நான் நிதானமாக இடது கன்னத்தையும் கிருதாவையும் முடித்து மேலுதட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐந்தாவது. தகப்பனையும் தாயையும் கனம்பண்ண வேண்டும் என்கிறார், சபையைப் பார்த்து, அதாவது சேலையைப் பார்த்து. மூக்கை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேலுதட்டை வழிக்கிறேன், மூக்கடைத்த குரலில் கனம்பண்ணு என்கிறார், வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இந்த ஐந்தாவதுதான் என்னை இவ்வளவு நாள் வைத்திருக்கிறது. இதில் அன்பு என்ற வார்த்தையே இல்லை, எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன், நேசி என்று சொல்லவில்லை, மன்னித்துவிடு என்றுகூட இந்த இடத்தில் சொல்லவில்லை, கனம்பண்ணு, அவ்வளவுதான். நேசி என்று கேட்டிருந்தால் நான் முதல் நாளே தோற்றிருப்பேன். கனம்பண்ணுவதற்கு மனது வேண்டாம், கை போதும். மூத்திரத் துணியை அலசுகிறது, மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைக்கிறது, முதுகில் புண் வராமல் திருப்பிப் போடுகிறது, எல்லாம் கைவேலை. மனது அதுபாட்டுக்கு ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கட்டும், யாரும் அதைக் கூப்பிடவில்லை. விடுதியில் மேட்ரனாக இருந்தபோதும் அப்படித்தான், பிடிக்காத பிள்ளைக்கும் சோறு ஒரே அளவுதான் போடுவேன். என் வீட்டுக்காரர் இறந்துபோன வருஷமும் அப்படித்தான், எழுந்திரு, ஜெபம் பண்ணு, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போ, பொய் சொல்லாதே, அடுத்தவளுக்கு அவள் புருஷன் உயிரோடு இருக்கிறானே என்று பொறாமைப்படாதே, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பி மாதிரி, கரண்ட் போன நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். ஆனால் போன சனிக்கிழமை கையே இனித்ததே. மனது முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தால் பரவாயில்லை, கைக்குள் இறங்கி வந்துவிட்டால் என்ன செய்வது? அதுதான் பயம். ஸ்டான்லியின் வண்டி வரட்டும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவர் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். அங்கே பத்துப் பேரில் ஒருவராகப் படுத்திருப்பார், கட்டளை சொன்னால் யார் பதில் சொல்லுவார்கள், யாரும் சொல்லமாட்டார்கள், தலை ஆடிக்கொண்டே இருக்கும். எனக்கு ஏன் அழுகை வருகிறது இப்போது? இவருக்காகவா? சீ. ஆண்டவரே எங்களுக்கு இரங்கும்.

நாடியைப் பிடித்து முகத்தைத் தூக்குகிறேன். கழுத்து வந்துவிட்டது. ஆறாவது எப்போதும் கழுத்தில்தான் வரும், அது நான் வைத்த கணக்கு இல்லை, அப்படி அமைந்துவிட்டது. கத்தியைத் தொண்டை எலும்புக்குக் கீழே வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவர் ஆரம்பித்தால் இழுக்கலாம். ஆரம்பிக்கவில்லை. “ஆறாவது” என்றார், அதோடு நின்றுவிட்டார். இருமலாக இருக்கும். இல்லை. வாய் திறந்திருக்கிறது, உள்ளே நாக்கு எதையோ தேடுகிறது. “ஆறாவது” என்று மறுபடியும். வரவில்லை. இதுவரை இப்படி ஆனதில்லை, என் பெயர் போனது, அம்மா செத்தது போனது, கக்கூஸ் எங்கே என்பது போனது, இந்தப் பத்தில் ஒன்றுகூடப் போகவில்லை, இப்போது போய்விட்டது. தலை ஆடும் என்று கத்தியை எடுக்கப் போனேன். ஆடவில்லை. ஒரு மயிரளவும் ஆடவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருக்கிறார், கத்திக்கு அடியில் அந்த எலும்பு மேலே போய்க் கீழே வந்தது. கண்ணைப் பார்த்தேன். மூடியிருந்தது. இல்லை, ஒரு கண் லேசாகத் திறந்திருந்தது, திறந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆண்டவரே. இவருக்குப் பயம். இவர் பழக்கத்தில் வாசிக்கவில்லை, பழக்கமாவது மண்ணாவது, இவருக்கு என் கையைக் கண்டு பயம், இந்தக் கை யாருடைய மகள் கை என்று இவருக்குள் எங்கேயோ தெரிந்திருக்கிறது, அதனால்தான் கட்டளைகளை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு சனிக்கிழமையும், வேத வசனம் சொல்லுகிறவனை யார் தொடுவார்கள் என்று. நான் அவரை அசையாமல் பிடிக்க வழி கண்டுபிடித்தேன் என்று பெருமையாக நினைத்தேன். அவர் ஒளிந்துகொண்டிருந்தார். இப்போது ஒளிய இடமில்லை. அம்மாவுக்கும் ஜெபம் தீர்ந்துபோன நாள்கள் உண்டு. எல்லா மிஷனெரிகளும் முடிந்து, எல்லா ஊர்க் கிணறும் முடிந்து, வாய் வறண்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் தடுமாறி ஆமென் சொல்லிவிடுவாள். அந்த ஆமெனுக்காகத்தான் இவர் காத்துக்கொண்டு நிற்பார். இப்போது நான் நிற்கிறேன். பேச்சு நின்றுவிட்டது, கழுத்து என் கையில் இருக்கிறது, நரம்பு துடிக்கிறது, இதோ, அந்த இனிப்பு வயிற்றிலிருந்து எழும்புகிறது, தோள்வரை வந்துவிட்டது, நான் சும்மா நின்றால் போதும், ஒன்றும் செய்ய வேண்டாம், இப்படியே பேசாமல் கொஞ்ச நேரம் நின்றால் போதும், அவர் பயந்துகொண்டே இருப்பார், அம்மா பயந்த மாதிரி, அவ்வளவு நேரம், அதில் என்ன பாவம், கீறக்கூட இல்லையே. கை ஓங்குவதில் இருந்தே ஆரம்பித்துவிடும் மக்ளே. நான் ஓங்கவில்லை டீச்சர். வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். கீழே லாரி நின்றுவிட்டது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும், இப்போதே வேண்டும், யாராவது அதைச் சொல்லமாட்டார்களா என்று இருக்கிறது, சொல்லுகிறவருக்கு மறந்துவிட்டது, சபையில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

“கொலை செய்யாதே” என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. சத்தமாகத்தான் வந்தது, சேலைக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டிருக்கும். சொன்னபிறகு நிறுத்தினேன். நிறுத்துவதுதானே வழக்கம். அப்பாவின் தொண்டை மறுபடி அசைந்தது. “ஆண்டவரே” என்றார், கோவில் குரல் இல்லை, பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஏழை மனுஷனின் குரல், “ஆண்டவரே, எங்களுக்கு இரங்கும்.” அந்த இனிப்பு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இருக்கிற இடத்திலேயே நின்றுவிட்டது. கத்தியை மெதுவாக மேல் பக்கமாக இழுத்தேன், நுரை வந்தது, வெள்ளையாக மட்டும் வந்தது.

“யாரு வாசிக்கது?” என்றார்.

“நாந்தாம்ப்பா. புஷ்பம்.”

அந்தப் பெயர் யாருடையது என்று அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை. திறந்திருந்த கண்ணை மூடிக்கொண்டார். கழுத்தை அவராகவே இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.

“வாசி தாயி. நிறுத்திராத.”

ஏழாவதைச் சொன்னேன், எட்டாவதைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பத்தும் முடிந்தபோது இடது தாடைக்குக் கீழே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முதலாவதிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.